பழைய கம்ப்யூட்டருக்கு எதை முதலில் மாற்றுவது: பேஜ் ஃபைலா, ரேமா, எஸ்எஸ்டியா?

முகூர்த்த மாதங்களில் என் மாமாவின் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டருக்கு ஓய்வே கிடையாது. கல்யாணப் பத்திரிகைக்குக் கோரல்டிரா, படங்களைச் சரிசெய்ய போட்டோஷாப், வாடிக்கையாளர்கள் அனுப்புவதை இறக்கிக்கொள்ள குரோமில் வாட்ஸ்அப். நடுவில் ஆதார் அட்டையோ ஹால் டிக்கெட்டோ பிரிண்ட் கேட்டு யாராவது வந்து நிற்பார்கள். இவ்வளவையும் சுமந்தது 2013-இல் வாங்கிய ஒரு டெஸ்க்டாப்: 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. கோரலிலிருந்து குரோமுக்கு மாறினால் திரை வெளுத்துப்போய் நின்றுவிடும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். காத்து நிற்பவர்களின் முகத்தைப் பார்க்கவே மாமாவுக்குச் சங்கடமாக இருக்கும்.

"ரேம் போடலாமா, எஸ்எஸ்டி போடலாமா, இல்ல புதுசே வாங்கிடலாமாப்பா?" என்று கேட்டார். ரேம் என்பது இந்த நிமிடம் ஓடும் வேலைகளை வைத்துக்கொள்ளும் வேகமான நினைவகம். எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம். பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் நான்காவதாக ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள்: காசே செலவழிக்க வேண்டாம், வர்ச்சுவல் மெமரியைக் கூட்டி வைத்தால் போதும்.

அதே ஆண்டில் அக்கா மகளின் கல்லூரி லேப்டாப்பும் தம்பியின் மிகப் பழைய லேப்டாப்பும் என்னிடம் வந்தன. மூன்றுக்கும் ஒரே புகார்தான், "ஹேங் ஆகுது". ஆனால் மூன்றுக்கும் வெவ்வேறு மருந்துதான் பலித்தது. எதற்கு எது, ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தவறான பொருளை முதலில் வாங்கிவிட்டு, காசும் போய் மந்தமும் தீராமல் இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உப்பு டப்பாவும் தூத்துக்குடியும்

பாடப்புத்தகத்தில் மெய்நிகர் நினைவகம் என்று வரும். கடைப் பேச்சில் வர்ச்சுவல் மெமரி. ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனக்கென்று பெரிய நினைவகம் இருப்பதாகக் காட்டிவிட்டு, உண்மையில் எந்தத் துண்டு ரேமில் இருக்க வேண்டும், எது டிஸ்கில் கிடக்கலாம் என்பதை இயங்குதளம் தானே பார்த்துக்கொள்ளும். அந்தத் துண்டுக்குப் பேஜ் என்று பெயர். நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரு பேஜ் 4 கேபி. ரேமில் நெருக்கடி வரும்போது, கொஞ்ச நேரமாகத் தொடாத பேஜ்கள் டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குப் போகும். வேண்டும்போது திரும்பி வரும். இலவச இயங்குதளமான லினக்ஸில் இந்த இடத்தை ஸ்வாப் என்பார்கள்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்த யோசனை இது. டாம் கில்பர்ன் தலைமையிலான குழு உருவாக்கிய அட்லஸ் கம்ப்யூட்டர் 1962-இல் ஓடத் தொடங்கியபோது அதன் வேகமான நினைவகம் 16,384 சொற்கள். இன்றைய கணக்கில் 96 கேபி. அதைப்போல ஆறு மடங்கு இடம், சுழலும் காந்த உருளையில் இருந்தது. அதற்கு முன்பெல்லாம் எந்தப் பகுதியை எப்போது உருளையிலிருந்து எடுப்பது, எதை எப்போது திருப்பி வைப்பது என்று நிரல் எழுதுபவரே திட்டமிட வேண்டும். அட்லஸ் அந்தப் பாரத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. அறுபது ஆண்டு பழைய கதையைச் சொல்லக் காரணம் உண்டு. ரேம் போதாத இடத்திலும் வேலை நிற்காமல் முடிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த ஏற்பாடு இது. வேகம் கூட்டும் ஏற்பாடாக இது என்றைக்குமே இருந்ததில்லை.

இப்போது வேகத்தைப் பார்ப்போம். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து (ஹார்டு டிஸ்க் செருகும் அதே இணைப்பில் செருகுவது) எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லி நொடி. 5400 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்டு டிஸ்கில், படிக்கும் தலை சரியான தடத்துக்கு நகரவே 12 மில்லி நொடி போகும். அப்புறம் வேண்டிய இடம் சுழன்று தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லி நொடி. ஆக, 17, 18 மில்லி நொடி.

இந்த எண்கள் மனதில் ஒட்டாது. எல்லாவற்றையும் ஒரு கோடி மடங்கு நீட்டிப் பாருங்கள். ரேம் ஒரு நொடி: அடுப்படியில் நின்றபடி கையை நீட்டி உப்பு டப்பாவை எடுப்பது. எஸ்எஸ்டி 17 நிமிடம்: தெருமுனைக் கடைக்கு நடந்துபோய் உப்புப் பொட்டலம் வாங்கி வருவது. ஹார்டு டிஸ்க் இரண்டு நாள்: சென்னையிலிருந்து தூத்துக்குடி உப்பளம் வரை போய்த் திரும்புவது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, அதை மறக்க வேண்டாம்.

தூத்துக்குடி போகிறவர் லாரி நிறைய ஏற்றி வந்தால் பயணத்துக்குப் பலன் உண்டு. ஹார்டு டிஸ்கில் ஒரு முழு சினிமாப் படத்தை நகலெடுப்பது அப்படித்தான். ஒரே வீச்சில் நொடிக்கு 100 எம்பி வரை தரும். குறையே சொல்ல முடியாது. பேஜ் ஃபைலிலிருந்து எடுப்பது வேறு மாதிரி. இங்கே ஒரு சிட்டிகை, அங்கே ஒரு சிட்டிகை. ஒவ்வொரு சிட்டிகைக்கும் ஒரு பயணம். நொடிக்கு 57 பயணம், ஒவ்வொன்றிலும் 4 கேபி என்றால் நொடிக்கு 230 கேபிகூடத் தேறாது. பேஜ் ஃபைலுக்குப் போய்விட்ட 200 எம்பியை இப்படித் துண்டு துண்டாகத் திரும்பக் கொண்டுவந்தால் கால் மணி நேரம் ஆகும். அதே வேலை எஸ்எஸ்டியில் 5 நொடி. விண்டோஸ் அடுத்தடுத்த பேஜ்களைச் சேர்த்தே எடுக்கப் பார்க்கும், அதனால் நடப்பில் இவ்வளவு மோசமாகப் போவதில்லை. ஆனால் கோரலிலிருந்து குரோமுக்கு மாறியதும் மாமாவின் திரை ஏன் அரை நிமிடம் வெளுத்து நின்றது என்பதற்குக் காரணம் இதுதான்.

இதிலிருந்து வர்ச்சுவல் மெமரியே கெட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. காலையில் ஒருமுறை ஓடிவிட்டுச் சும்மா கிடக்கும் பிரிண்டர் மென்பொருளின் பேஜ்கள் நாள் முழுக்க டிஸ்கில் கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இந்த நிமிடம் கைவசம் வேண்டியவை ரேமில் கொள்ளும்வரை எல்லாம் சுகம். அவையே கொள்ளாதபோது, ஒன்றைக் கொண்டுவர இன்னொன்றை வெளியேற்றி, அடுத்த கணமே அதையும் தேடிப் போகவேண்டி வருகிறது. ஒரு கட்டத்தில் கம்ப்யூட்டருக்குப் போக்குவரத்தே வேலையாகிவிடும். இதைத் த்ராஷிங் என்பார்கள். கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-இலேயே இதன் காரணத்தை விளக்கி எழுதிவிட்டார். அன்று பல்கலைக்கழகப் பெருங்கணினிக்குப் பொருந்திய விளக்கம் இன்று ஜெராக்ஸ் கடை டெஸ்க்டாப்புக்கும் அப்படியே பொருந்துகிறது.

எதையும் வாங்குமுன்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஹேங் ஆகும்போதே பார்க்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மாமாவின் டெஸ்க்டாப்பில் மெமரி 95 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். அக்கா மகளின் லேப்டாப்பிலும் டிஸ்க் 100 சதவீதம்தான், ஆனால் 8 ஜிபியில் பாதி ரேம் சும்மா இருந்தது. வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுபோல இருந்தாலும் முதலாவது ரேம் பஞ்சம். இரண்டாவதற்கும் ரேமுக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே டிஸ்க்தான் மூச்சு வாங்குகிறது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரிப் பக்கத்தில் ஹார்டு ஃபால்ட்ஸ் என்று ஒரு எண் வரும். டிஸ்கிலிருந்து பேஜை எடுத்துவர நேர்ந்த தடவைகள் நொடிக்கு எத்தனை என்பதே அது. ஒரு புரோகிராமைத் திறக்கும்போது ஏறி இறங்கினால் கவலை இல்லை. நிமிடக்கணக்கில் நூற்றுக்கணக்காகவே நின்றால் ரேம் போதவில்லை என்று பொருள். டிஸ்க் பக்கத்தில் 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டே நொடிக்கு 1, 2 எம்பிதான் நகர்கிறது என்றால், சிட்டிகை சிட்டிகையாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அதைவிட முக்கியமாக ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும்: டிஸ்கின் உடல்நிலை. சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இப்படித்தான் மெதுவானது. வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றினோம். டி டிரைவில் படங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று நம்பினோம். பத்தே நாளில் டிஸ்க் முழுவதுமாக நின்றுவிட்டது. தாத்தாவின் கடைசிப் பொங்கல் படங்கள் அதில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை. இன்றுவரை அம்மா அதைச் சொல்லி வருத்தப்படுகிறார். டிஸ்கில் ஓரிடம் பழுதானால் அது மறுபடி மறுபடி படித்துப் பார்க்கும். அந்த முயற்சியே நமக்கு மந்தமாகத் தெரிகிறது. அப்போது எங்களுக்கு இது தெரியாது.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும். அதில் ரீஅலோகேட்டட் செக்டர் (பழுதாகி வேறிடத்துக்கு மாற்றப்பட்டவை), பென்டிங் செக்டர் (படிக்கச் சிரமப்பட்டு முடிவாகாமல் நிற்பவை) என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் நல்லது. பென்டிங் எண் ஏறிக்கொண்டே போனால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் படங்களையும் கோப்புகளையும் வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள். அந்த நிலையில் ரேம் எதையும் காப்பாற்றாது.

பேஜ் ஃபைல் செட்டிங்: செலவில்லை, ஆனால்...

மாமாவின் டெஸ்க்டாப்பில் யாரோ எப்போதோ கைவைத்திருந்தார்கள். பேஜ் ஃபைல் 1 ஜிபி என்று நிலையாக வைக்கப்பட்டு, டி டிரைவுக்கு மாற்றப்பட்டிருந்தது. மெதுவாவது மட்டுமில்லாமல், மெமரி குறைவு என்று செய்தி காட்டிக் கோரல் அவ்வப்போது மூடிக்கொண்டதும் அதனால்தான். ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தத்துக்கு மேல் விண்டோஸ் யாருக்கும் நினைவகம் ஒதுக்காது. 4 கூட்டல் 1, ஆக 5 ஜிபி. கோரலும் போட்டோஷாப்பும் குரோமும் சேர்ந்து அதைத் தொட்டதும் கதவு சாத்தப்பட்டது.

பேஜ் ஃபைல் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று மாற்றி, சி டிரைவுக்குக் கொண்டுவந்தேன். கோரல் மூடிக்கொள்வது அன்றோடு நின்றது. மந்தமோ இம்மியும் குறையவில்லை. சர்வீஸ் கடை யோசனையையும் விட்டுவைக்கவில்லை. 12 ஜிபி வரை கூட்டிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இருக்கவும் முடியாது. தூத்துக்குடியில் கிடங்கைப் பெரிதாகக் கட்டினால் பயண தூரம் குறையுமா?

இந்தச் செட்டிங்கைச் சுற்றிச் சில நம்பிக்கைகள் உலவுகின்றன. ரேமைப்போல ஒன்றரை மடங்கு வைக்க வேண்டும் என்பது ஒன்று. அந்தக் கணக்குப்படி 4 ஜிபி உள்ளவருக்கு 6 ஜிபி, 32 ஜிபி உள்ளவருக்கு 48 ஜிபி. ரேம் கூடக்கூட பேஜ் ஃபைலின் தேவை பொதுவாகக் குறையத்தான் செய்யும். எனவே இந்த விதி தலைகீழாக நிற்கிறது.

டி டிரைவுக்கு மாற்றினால் வேகம் வரும் என்பது இன்னொன்று. டி என்பது தனியாக இன்னொரு டிஸ்காக இருந்தால் உண்மை. இரண்டு தலைகள் இரண்டு வேலையைப் பார்க்கும். நம் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில் சி, டி எல்லாம் ஒரே டிஸ்கைக் கோடு போட்டுப் பிரித்தவை. அங்கே பேஜ் ஃபைலை டி-க்கு அனுப்பினால், சி-யில் விண்டோஸும் டி-யில் பேஜ் ஃபைலுமாகத் தலை குறுக்கும் நெடுக்கும் இன்னும் அதிகமாக அலைகிறது. வேகம் கூட்டுவதாக நினைத்துச் செய்தது குறைத்துவிடுகிறது.

பேஜ் ஃபைலையே எடுத்துவிட்டால் எல்லாம் ரேமிலேயே இருக்கும் என்ற யோசனைதான் இவற்றில் மிகவும் ஆபத்தானது. புரோகிராம் திறந்து வைத்திருக்கும் தரவுக்கு டிஸ்கில் போக இடம் இருக்காது, சரி. ஆனால் புரோகிராமின் கட்டளைகள் ஏற்கெனவே டிஸ்கில் தம் சொந்தக் கோப்பில் இருக்கின்றன. நெருக்கடி வந்தால் விண்டோஸ் அவற்றைத்தான் ரேமிலிருந்து கழித்துவிடும். அடுத்த கணம் அவை தேவைப்படும்போது மறுபடி டிஸ்கிலிருந்துதான் படிக்கும். ஆக, அலைச்சல் நிற்பதில்லை. எது வெளியே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதிதான் போய்விடுகிறது. மேலும், நினைவகம் தீர்ந்தால் சேமிக்காத வேலையோடு புரோகிராம் விழும். பாதி வடிவமைத்த பத்திரிகை அப்படிப் போனால் கடைக்காரருக்கு எவ்வளவு வலிக்கும் என்று நான் நேரில் பார்த்தேன்.

பென்டிரைவை ரேமாக மாற்றலாம் என்று வரும் குறிப்புகள் பெரும்பாலும் விஸ்டா காலத்து ரெடிபூஸ்ட் வசதியைப் பற்றியவை. அது டிஸ்கில் உள்ளவற்றின் நகலைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. ரேம் கூடுவதில்லை. அரை ஜிபி ரேம் இருந்த நாட்களில் கொஞ்சம் பயன் இருந்தது. இன்று அதில் நேரம் செலவிட வேண்டாம்.

ரேம்

மாமாவின் டெஸ்க்டாப்பில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. டிடிஆர்3 என்ற அந்தக் காலத்து ரேம் வகையில் இன்னொரு 4 ஜிபி குச்சி வாங்கிச் செருகினேன். கோரல், போட்டோஷாப், குரோம் மூன்றுக்கும் இடையே மாறுவது அன்று மதியமே கண்ணிமைக்கும் நேரமானது. டிஸ்க் விளக்கு அணைந்து நின்றதைப் பார்த்து மாமா ஏதோ பழுதென்று பயந்துவிட்டார்! ரேம் பஞ்சத்துக்கு ரேம்தான் மருந்து. அதற்கு ஈடு வேறில்லை. மிச்சமிருக்கும் ரேமை விண்டோஸ் சும்மா விடுவதும் இல்லை. ஏற்கெனவே படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும். அதனால் மூடிய கோரலை இரண்டாம் முறை திறக்கும்போது முதல் முறையைவிட வேகமாக வரும்.

மறுநாள் காலை கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டபோது, முன்பைப் போலவே இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆனது. அதில் நியாயம் உண்டு. காலையில் ரேம் காலி. எல்லாமே டிஸ்கிலிருந்துதான் வந்தாக வேண்டும். ரேம் எவ்வளவு போட்டாலும் அந்த முதல் பயணத்தைச் சுருக்க முடியாது.

வாங்குமுன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பலன் கிடையாது. 4 ஜிபியிலேயே மூன்று, மூன்றரைதான் கைக்கு வரும். லேப்டாப்பில் டிடிஆர்3 என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும் மாடல்கள் இருக்கின்றன, 1.5 வோல்ட் குச்சியை அவை ஏற்காது. மெல்லிய லேப்டாப்புகள் சிலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே வழி இருக்காது. பழைய குச்சியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் என் வழக்கம்.

எஸ்எஸ்டி

அக்கா மகளின் லேப்டாப் 2018 மாடல். புதிதாகவே 8 ஜிபி ரேமும் 1 டிபி, 5400 ஆர்பிஎம் டிஸ்கும் வந்தன. அந்த வருடங்களில் 1 டிபி என்ற எண்ணைப் பார்த்து நிறையப் பேர் அப்படித்தான் வாங்கினார்கள். விண்டோஸ் அப்டேட், வைரஸ் சோதனை, கோப்புத் தேடலுக்கான அட்டவணை தயாரிப்பு எல்லாம் பின்னால் ஒரே நேரத்தில் ஓடும்போது, பாவம், அந்த ஒற்றைத் தலை எங்கேதான் போகும்? 2.5 அங்குல 1 டிபி டிஸ்குகள் பலவற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. இடத்தை மிச்சப்படுத்த, ஓட்டுக் கூரையில் ஓடுகளை அடுக்குவது போலத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறும்படி எழுதியிருப்பார்கள். நடுவில் ஒரே ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும். அந்த டிஸ்கிலும் அதே பாடுதான், நடுவில் கொஞ்சம் எழுத அந்தப் பட்டை முழுவதையும் திருப்பி எழுதும். சிதறிச் சிதறி எழுதும் அப்டேட் போன்ற வேலைகளில் அது படும் பாடு சொல்லி மாளாது.

இந்த லேப்டாப்புக்கு இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்க நினைத்திருந்தார்கள். பாதி ரேம் காலியாக இருப்பதைக் காட்டி, அந்தப் பணத்தில் எஸ்எஸ்டி வாங்கச் சொன்னேன். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். முழு டிஸ்கையும் அப்படியே குளோன் செய்தோம். கிளம்ப இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்த லேப்டாப் அரை நிமிடத்துக்குள் கிளம்பியது. அவள் நான்கு வருடம் பொறுத்துக்கொண்டிருந்த மந்தம் ஒரே சாயங்காலத்தில் தீர்ந்தது. இதை முன்பே செய்யச் சொல்லாமல் போனோமே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

எஸ்எஸ்டி இருந்தால் ரேம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. ரேம் கொஞ்சமாகக் குறைந்தால் எஸ்எஸ்டி சமாளிக்கும். இரண்டு நாள் பயணம் தெருமுனைக் கடையாகச் சுருங்கிவிட்டது அல்லவா. ஆனால் கைநீட்டி எடுப்பதும் கடைக்குப் போய் வருவதும் ஒன்றல்ல. நாள் முழுக்க பேஜ் ஃபைலிலேயே ஓடுகிற கம்ப்யூட்டருக்கு ரேமும் வேண்டும்.

பேஜ் ஃபைல் எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயத்தில் அதை எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு 80 டிபி எழுதும்வரை உத்தரவாதம் என்று வைத்துக்கொண்டால், தினமும் 20 ஜிபி எழுதினாலும் 11 வருடம் வரும். மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் விண்டோஸ் 7 காலத்தில், 2009-இல், வெளியிட்ட கணக்கில் பேஜ் ஃபைலை ஒரு முறை எழுதினால் 40 முறை படிப்பதாகச் சொன்னார்கள். படிப்பதிலும் மூன்றில் இரண்டு பங்கு 4 கேபிக்கு மேற்படாத துணுக்குகள். ஹார்டு டிஸ்க் தடுமாறுவதும் எஸ்எஸ்டி சோபிப்பதும் இந்த ஒரே வேலையில்தான். எஸ்எஸ்டி போட்டவர் பேஜ் ஃபைலை அதிலேயே விடுவது நல்லது.

பழைய கம்ப்யூட்டருக்கு விலை உயர்ந்த எஸ்எஸ்டி தேவையில்லை. சாட்டா இணைப்பின் உச்சமே நொடிக்கு 600 எம்பிதான். பழைய போர்டுகளில் அதில் பாதி. நமக்கு வேண்டியது அந்த 0.1 மில்லி நொடி. பெயர் தெரிந்த கம்பெனியின் சாதாரண மாடலிலேயே அது கிடைக்கும். பெயரே கேள்விப்படாத, நம்ப முடியாத விலையில் 2 டிபி என்று வரும் பொருட்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். உங்கள் கோப்புகள் அதில்தான் இருக்கப்போகின்றன.

இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது, டாஸ்க் மேனேஜரும் தெளிவாக எதையும் சொல்லவில்லை என்றால் நான் எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. நாளைக்கு இந்தக் கம்ப்யூட்டரே போனாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி இன்னொன்றில் போடலாம், அதற்கான உறை வாங்கி வெளி டிஸ்காகவும் வைத்துக்கொள்ளலாம். டிடிஆர்3 ரேம் புதிய கம்ப்யூட்டர் எதிலும் பொருந்தாது. மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது, ஹார்டு ஃபால்ட்ஸ் இறங்குவதே இல்லை என்று கண்ணால் பார்த்தவர்கள் மட்டும் இந்த வரிசையை மாற்றி ரேமை முதலில் வாங்கலாம்.

லினக்ஸ், அல்லது புதிது

தமிழ்நாடு அரசு 2011-இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது கிடைத்தவற்றில் ஒன்று தம்பியுடையது. 2 ஜிபி ரேம். அதில் விண்டோஸ் 10 ஏற்றி வைத்திருந்தான். எதைத் தொட்டாலும் த்ராஷிங். பேட்டரி போய், கீபோர்டில் இரண்டு விசைகளும் போன இயந்திரத்துக்குப் பணம் செலவழிக்க அவனுக்கு மனமில்லை. லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸை ஏற்றி, இசட்ரேம் வசதியை இயக்கினேன். வெளியேற வேண்டிய பேஜ்களை டிஸ்குக்கு அனுப்பாமல், சுருக்கி ரேமிலேயே ஒரு மூலையில் வைக்கும் ஏற்பாடு அது. சுருக்குவதற்குச் செயலி கொஞ்சம் உழைக்க வேண்டும், ஆனால் தூத்துக்குடிப் பயணத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. விண்டோஸ் 10-உம் நினைவகத்தை இப்படிச் சுருக்குகிறது. ஆனால் அதுவே நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்வதால் 2 ஜிபியில் அதற்குக் கையை நீட்ட இடமில்லை.

இப்போது அதில் எழுதுகிறான், பாட்டு கேட்கிறான், தமிழ்99 விசைப்பலகையும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பிரௌசரில் பத்து டேப் திறந்தால் எந்த இயங்குதளமாக இருந்தாலும் 2 ஜிபி போதாது. அந்தப் பக்கங்களின் கனம் லினக்ஸில் குறைவதில்லை. கோரலும் போட்டோஷாப்பும் லினக்ஸுக்கு வருவதில்லை என்பதால் மாமாவுக்கு இந்த வழி அடைபட்டது. பில் போடும் மென்பொருளையோ பழைய எழுத்துருக்களையோ நம்பி இருக்கும் கடைக்காரர்கள் யாரிடமும் நான் இதை அவசரப்பட்டுச் சொல்வதில்லை.

புதிது வாங்குவதைப் பற்றி ஒன்றே ஒன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியிலிருந்துதான். அதற்கு முந்தைய கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி போன்ற வேலைகள் நடந்தால், அதில் ரேமும் எஸ்எஸ்டியும் வாங்கிக் கொட்டுவதைவிட புதிதுக்குச் சேர்ப்பதே நல்லது. புதிது வாங்கும்போதும் பெரிய ஹார்டு டிஸ்க் என்ற எண்ணுக்கு மயங்காமல், 8 ஜிபி ரேமும் சிறிய எஸ்எஸ்டியுமாவது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மாமா இரண்டு மாதம் கழித்து எஸ்எஸ்டியும் வாங்கினார். காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி முடிப்பதற்குள் கோரல் திறந்து தயாராக இருக்கிறது. பணம் கட்டும் வேலைகளை மட்டும் போனுக்கு மாற்றிக்கொண்டார். பழைய 1 டிபி டிஸ்க் அதே பெட்டிக்குள் இரண்டாவது டிஸ்காக இருக்கிறது. பத்து வருடப் பத்திரிகைக் கோப்புகள் அதில் கிடக்கின்றன, லாரி நிறைய ஏற்றி இறக்கும் வேலைக்கு அது இன்னும் நன்றாகவே உழைக்கிறது. அதன் பென்டிங் செக்டர் எண் பூஜ்யம். இருந்தாலும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதிலுள்ள கோப்புகள் முழுவதையும் ஒரு வெளி டிஸ்குக்கு நகலெடுத்து, அதை வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைக்கிறார்.